‘நெட் வரல!’ பதிவேட்டைப் பார்த்தாச்சா?



கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி கேட்கும் சத்தம் எது? ‘சார், எனக்கு மட்டும் நெட் வரல!’ என்பதுதான். உடனே ஒருத்தர் வயரைப் பிடுங்கிச் சொருகுவார். இன்னொருத்தர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். கடைசியில் அங்கே உட்கார்ந்திருந்தவர் மேல் பழி விழும். ‘நீதான் என்னமோ அமுக்கிட்ட!’ உண்மையில் யார் அமுக்கினது? இதைக் கண்டுபிடிக்க ஒரு பதிவேடு இருக்கிறது தெரியுமா?

முகவரி கிடைப்பது எப்படி?

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். 192.168.1.45 என்பது மாதிரி நான்கு எண்கள். வீட்டுக்குக் கதவு எண் போல. ஒரே எண்ணை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் இரண்டுமே தடுமாறும். கையால் எழுதிக் கொடுத்தால் இந்தத் தப்பு நடக்கத்தான் செய்யும். அதனால் முகவரியைத் தானாகவே கொடுக்க டி.ஹெச்.சி.பி. என்ற முறை 1993-ல் வந்தது. அதில் நான்கு படிகள்:

1. கம்ப்யூட்டர்: ‘யாராவது எனக்கு முகவரி கொடுங்களேன்!’
2. சர்வர்: ‘இந்தா, இது காலியா இருக்கு.’
3. கம்ப்யூட்டர்: ‘சரி, அதையே கொடுங்க.’
4. சர்வர்: ‘கொடுத்தாச்சு. இன்ன நாள் வரைக்கும் உன்னுடையது.’

கவனியுங்கள், முகவரி சொந்தம் இல்லை, இரவல்! நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலத்தான். தவணை பாதி ஆனதுமே கம்ப்யூட்டர் புதுப்பிக்கக் கேட்கும். நூலகர் நோட்டில் எழுதுவது போல சர்வரும் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும். தேதி, நேரம், கொடுத்த முகவரி, கம்ப்யூட்டரின் பெயர், அதன் மேக் எண் எல்லாம் அதில் இருக்கும். (மேக் எண் என்பது நெட்வொர்க் கார்டின் 12 இலக்க அடையாளம்.)

விண்டோஸ் சர்வரில் கிழமைக்கு ஒரு கோப்பு உண்டு. அதில் 10 என்றால் புதிதாகக் கொடுத்தது. 11 என்றால் புதுப்பித்தது. 12 என்றால் திரும்ப வந்தது. 13 என்றால் அந்த முகவரியை ஏற்கெனவே யாரோ பயன்படுத்துகிறார்கள். 14 என்றால் கொடுக்க முகவரியே மிச்சமில்லை! அடுத்த வாரம் அதே கிழமை வந்தால் பழைய கோப்பு அழிந்துவிடும். அதனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். சின்ன இடங்களில் இந்த வேலையை ரவுட்டரே செய்யும். அதன் பக்கத்திலும் பட்டியல் இருக்கும்.

பதிவேடு எப்படித் துப்பு கொடுக்கும்?

விண்டோஸ் கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் பதிவேடு உதவும்.

பதிவேட்டில் 14 இருக்கிறதா? ஒரு கணக்குப் போடுவோம். மொத்தம் 50 முகவரி, தவணை 8 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபில் 20 கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை விழாவுக்கு வந்தவர்களின் 30 செல்போன்கள் வை-ஃபையில் சேர்ந்தன. ஐம்பதும் தீர்ந்தது! போன்கள் வீட்டுக்குப் போய்விட்டன. ஆனால் முகவரிகள் அடுத்த சனிக்கிழமை வரை அவற்றின் பெயரிலேயே இருக்கும். திங்கட்கிழமை ரிப்பேர் முடிந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தால் அதற்கு எண் கிடையாது. அதில் உட்கார்ந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? தவணையைக் குறைத்தாலோ முகவரிகளைக் கூட்டினாலோ போதும், சரியாகிவிடும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையா? அப்படியானால் அது கூப்பிட்டது சர்வருக்கே கேட்கவில்லை. வயர், சுவிட்ச், வை-ஃபை ஆகியவற்றைப் பாருங்கள்.

வரி இல்லை, ஆனால் வேறு வரிசையில் ஒரு முகவரி இருக்கிறதா? நம்முடையது 192.168.1 என்றால் அது மட்டும் 192.168.0 என்று காட்டுகிறதா? யாரோ இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கலாம். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கிறது! அதைத் தேடிக் கழற்ற வேண்டும்.

13 இருக்கிறதா? யாரோ கையால் முகவரி போட்டிருக்கக்கூடும்.

பார்த்தீர்களா, கோளாறு என்னவோ ‘நெட் வரல’ என்ற ஒன்றுதான். காரணம் நான்கு!

கோளாறு வந்தால்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. வாரம் ஒருமுறை புரட்டினால் எத்தனை முகவரி மிச்சம், தெரியாத கருவி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை!

பதிவேடு கருவியைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஒரு கம்ப்யூட்டரில் காலையில் ஒருவர், மதியம் ஒருவர் உட்காருவோம். இன்றைக்கு ஒரு கருவியிடம் இருந்த முகவரி தவணை முடிந்ததும் வேறு கருவிக்குப் போகலாம். சர்வரின் கடிகாரம் தப்பாக இருந்தால் நேரமே தப்பு. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் பல போன்கள் உண்மையான மேக் எண்ணுக்குப் பதில் வேறு எண்ணைக் காட்டுகின்றன. ஐபோனிலும் 2020 முதல் அப்படித்தான். ஆகவே ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு ‘இவன்தான், இவள்தான்’ என்று சொல்லக் கூடாது. யாருடைய கருவி எப்போது வந்தது என்ற விவரமும் அதில் இருக்கிறதே! அதனால் பொறுப்பான ஆசிரியர் மட்டும் பார்ப்பதே நல்லது.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெட் நன்றாக வரும் நாளில், சாரிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முகவரியையும் லேப் நோட்டில் குறித்து வைப்போம். நெட் வராத நாளில் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும்.

பழி சொல்லும் முன் பதிவேட்டைப் பார்ப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி