கரிமூட்டமும் காற்றாலை இறக்கையும்

விளாத்திகுளத்துக் கரிசலில் வெள்ளாமை பொய்த்த வருசங்களிலும் சீமைக் கருவேலம் பொய்ப்பதில்லை. அதை வெட்டி, கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, இலைதழை போர்த்தி, ஈர மண் பூசித் தீ வைத்தால் அது கரிமூட்டம். உள்ளே தீ கொழுந்துவிட்டுவிடக் கூடாது. காற்று போதாமல் விறகு வெந்து புழுங்க வேண்டும். முதலில் கிளம்பும் அடர்ந்த வெள்ளைப் புகை, விறகின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் துளைகளை அடைக்கும் நேரம் வந்துவிட்டது. பல நாள் கழித்து மண்ணைப் பிரித்தால், போட்ட விறகில் ஏறக்குறைய கால் பங்கு எடைதான் கரியாகக் கிடைக்கும்.

இதே வேலையை எபாக்சி பிசினுக்கும் செய்யலாம். வேதியியலில் இதற்குப் பெயர் பைரோலிசிஸ்.

ஒழுகும் குழாய்க்கு எம்-சீல் பிசைந்த எவருக்கும் எபாக்சி பழக்கம்தான். இரண்டு நிற மாவையும் ஒரே நிறமாகும்வரை உருட்டி அப்பினால் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். ஒன்று பிசின், மற்றது அதை இறுக்கும் பொருள். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும் இந்த ஜோடியைத்தான். இரண்டும் கலந்தால் மூலக்கூறுகள் மீன்வலைபோல எல்லாப் பக்கமும் முடிச்சு விழுந்து பின்னிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி வார்க்கலாம். இறுகிய எபாக்சி உருகாது. சூட்டில் அதன் முடிச்சுகள் அவிழ்வதில்லை, அறுந்துதான் போகும்.

அறுவதற்கு முன் ஒரு கட்டம் உண்டு. காற்றாலை இறக்கைக்குப் போகும் எபாக்சி 70, 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் விறைப்பு தளர்ந்து ரப்பர்போல ஆகும். ஆறினால் மீண்டும் இறுகிவிடும். 300 டிகிரியைத் தாண்டிவிட்டால் மீட்சி கிடையாது. முதலில் மூலக்கூறுகளிலிருந்து நீர் பிரிகிறது. அடுத்து கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்புகள் அறுகின்றன. பீனால், பிஸ்பீனால்-ஏ, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு என்று எண்ணெயும் வாயுவுமாக வெளியேறுகிறது. 450 டிகிரிக்குள் பெரும்பகுதி போய், காற்றில்லா உலையில் கொஞ்சம் கரி மட்டும் தங்கும். காற்று பட்டால் 600 டிகிரிக்குள் அந்தக் கரியும் எரிந்துவிடும். அந்தப் புகை நஞ்சு. எபாக்சிக் கழிவைத் திறந்தவெளியில் கொளுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

விளாத்திகுளம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கு எபாக்சிக் கழிவு தூரத்துச் சங்கதி அல்ல. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் இங்கே முள்ளக்காட்டில்தான் சுழன்றது. பிறகு கயத்தாறு வட்டாரமே காற்றாலைக் காடானது. பழைய காற்றாலைகளை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. கழற்றும் கோபுரத்து இரும்புக்குக் காயலான் கடையில் விலை உண்டு. இறக்கைக்கு? அது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய ஒரே உடம்பு.

கரிமூட்டத்தில் வேண்டியது கரி. இறக்கையைச் சுடும்போது கரி வெறும் அழுக்கு. வேண்டியது உள்ளே இருக்கும் இழை. சிக்கலும் அங்கேதான். பிசினை விரட்டும் 450, 500 டிகிரிச் சூடு கண்ணாடி இழையின் வலுவில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. மிஞ்சும் இழையால் இன்னோர் இறக்கை செய்ய முடியாது. ஜெர்மனியில் பழைய இறக்கைகளைத் துண்டாக்கிச் சிமென்ட் சூளைக்கு அனுப்புகிறார்கள். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடி சிமென்டோடு கலந்துவிடுகிறது.

சூட்டைக் குறைத்தால் என்ன என்று டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார் யோசித்தார்கள். கரைப்பானில் ருத்தேனியம் வினையூக்கியைச் சேர்த்து, குறிப்பிட்ட அந்தக் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பை மட்டும் அறுத்தார்கள். இழை சேதமின்றிக் கிடைத்தது, பிஸ்பீனால்-ஏயும் மீண்டது. 2023இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வில் தேவைப்பட்ட சூடு 160 டிகிரி. வடைச் சட்டி எண்ணெய்கூட அதைவிடச் சற்று அதிகமாகக் காயும். ஆனால் ருத்தேனியம் பிளாட்டினக் குடும்பத்து அரிய உலோகம். டன் கணக்கில் கழற்றப்படும் இறக்கைகளுக்கு அதை எப்படிக் கட்டுப்படியாக்குவது என்பதுதான் இப்போது ஆய்வகத்தின் முன் நிற்கும் கணக்கு.