எத்தனையில் கழல வேண்டும்?

"பீன்யாவில் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறது, கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கித் தந்துவிடுவார்கள்" என்றார் நண்பர். ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பெங்களூரு திரும்பியபோது ஒரு ஜோடி ஸ்கீயும் பூட்ஸும் கொண்டுவந்திருக்கிறார். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் தனியாக, பெட்டிகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. ஜனவரியில் குல்மார்க் போவதாகத் திட்டம். மல்லேஸ்வரத்தில் பை-டூ டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். ஓட்டை போடுவது கடைசி வேலை சார், அதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பைண்டிங்கில் இரண்டு துண்டுகள். முன்துண்டு பூட்ஸின் மூக்கைக் கவ்வும், பின்துண்டு குதிகாலைக் கவ்வும். நம் கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த பவானி தெக்கட நஞ்சுண்டா ஓடுகிற கிராஸ்-கன்ட்ரி பந்தயத்தில் விரல்பக்கம் மட்டும்தான் மாட்டியிருக்கும், குதிகால் எழும்பும். மலைச்சரிவில் இறங்குகிற ஆல்பைன் வகையில் குதிகாலும் பூட்டப்படுகிறது. ஆளுயரப் பலகை ஒன்று காலோடு இறுகிக் கிடக்கும்போது அதன் நுனி எங்காவது சிக்கித் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் வந்து இறங்கும். அந்தக் காலத்து ஸ்கீக்காரர்களின் கால் முறிந்தது இப்படித்தான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் போர்ட்லண்டில் குடியேறிய யால்மர் வாம் என்ற பந்தய வீரர் 1937-இல் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான், தானே கழலும் பைண்டிங்குக்கான யோசனை அவருக்கு வந்தது. இன்றைய பைண்டிங்கும் அதே வழிதான்: கால் முறுக்கினால் முன்துண்டு பக்கவாட்டில் திறக்கும், குப்புற விழுந்தால் பின்துண்டு மேல்நோக்கித் திறக்கும்.

எவ்வளவு விசைக்குத் திறக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய ஜன்னலுக்குள் தெரியும் எண் சொல்கிறது. பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் உள்ளே ஸ்ப்ரிங் இறுகும், எண் ஏறும். ஜெர்மன் தர நிர்ணய நிறுவனத்தின் பெயரை வைத்து இதை 'டின்' எண் என்பார்கள். அடிக்கடி கழல்கிறது என்று இந்த எண்ணைக் கண்டபடி ஏற்றுவது, ஃப்யூஸ் போகிறதே என்று தடித்த செம்புக்கம்பியைச் சுற்றி வைக்கிற வேலை. தேவைக்குக் கீழே வைப்பதும் தப்புதான். குல்மார்க்கில் அஃபர்வத் மலையின் செங்குத்துச் சரிவில், திரும்புகிற நேரத்தில் ஒரு ஸ்கீ காரணமே இல்லாமல் கழன்றால் விழுந்து உருள வேண்டியதுதான்.

அந்த எண்ணை யாரும் குத்துமதிப்பாக வைப்பதில்லை, அதற்கு அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் சோலின் நீளம் மில்லிமீட்டரில், எப்படி ஓட்டுவீர்கள் என்ற வகை, இந்த ஐந்தும் வேண்டும். நண்பர் 70 கிலோ, 165 சென்டிமீட்டர். எடைப்படி 67–78 வரிசையில் வருகிறார், உயரப்படி அதற்கு ஒரு வரிசை மேலே. இரண்டில் மேலே உள்ள வரிசையை, அதாவது இளக்கமானதை எடுக்க வேண்டும். ஐம்பது தாண்டியவர் என்றால் இன்னும் ஒரு வரிசை மேலே போகலாம். சோல் நீளமாக ஆக எண் குறையும். நீளமான பூட்ஸ் நீளமான நெம்புகோலாக வேலை செய்வதால், அதே முறுக்கு பைண்டிங் மேல் குறைந்த விசையாகவே விழும்.

மிச்சமிருக்கும் ஒன்றில்தான் மனிதர்கள் பொய் சொல்கிறார்கள். மெதுவாக, மென்சரிவில் ஓட்டுபவர் முதல் வகை. வேகமாக, செங்குத்தில் பாய்ந்து இறங்குபவர் மூன்றாம் வகை. நடுவில் உள்ளவர் இரண்டாம் வகை. வகை ஒன்று ஏறினால் அட்டவணையில் ஒரு வரிசை கீழே இறங்கும், எண் கூடும். வருஷத்துக்கு ஒரு வாரம் பனியைப் பார்க்கிற பெங்களூர்வாசி கூச்சப்படாமல் முதல் வகையை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். நண்பருக்கு 4, 5 என்ற அளவில் வரும். ஆகவே 3 முதல் 10 வரை போகிற பைண்டிங் அவருக்குத் தாராளம். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று 6-இல் தொடங்கும் பந்தய பைண்டிங்கை வாங்கினால், அவருக்கு வேண்டிய எண்ணே அதில் இருக்காது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலமில் 45-ஆவதாக வந்த குல்மார்க்காரர் ஆரிஃப் கான் மாட்டுவது அவர் காலுக்கு, அவர் வேகத்துக்கு.

அடுத்தது பூட்ஸ் சோல். தட்டையான, கெட்டிப் பிளாஸ்டிக் சோல் பழைய ஆல்பைன் வகை. நடக்க வசதியாகக் கொஞ்சம் வளைந்து ரப்பர் ஒட்டியது கிரிப்வாக். பழைய பைண்டிங்கில் கிரிப்வாக் பூட்ஸ் 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிடும். ஆனால் சொன்ன விசையில் கழலுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மாட்டுகிறது என்பதாலேயே பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பைண்டிங் மேலேயே கிரிப்வாக் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பிரேக் விஷயம் சுலபம். கழன்ற ஸ்கீ தனியாகச் சரிவில் பாய்ந்து கீழே நிற்பவர் மேல் மோதாமல் இருக்க, இரண்டு பக்கமும் கம்பிக்கால்கள் இறங்கும். ஸ்கீயின் இடுப்பு அகலத்தைவிட அவை சற்று விரிந்திருக்க வேண்டும். 86 மில்லிமீட்டர் இடுப்புக்கு 90 பிரேக் சரி, 115 வாங்கினால் பக்கத்தில் நீட்டிக்கொண்டு பனியில் இழுபடும்.

இப்போது ஓட்டை. ஸ்கீயின் மேற்பரப்பில் உற்றுப் பார்த்தால் '4.1 x 9' அல்லது '3.5 x 9' என்று பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே உலோகத் தகடு உள்ள ஸ்கீக்கு 4.1 மில்லிமீட்டர் பிட், இல்லாததற்கு 3.5. ஆழம் 9 மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு இழைகூடப் போகக் கூடாது. போனால் அடிப்பரப்பு புடைக்கும், அல்லது பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதற்காகவே கழுத்தில் தடுப்பு வைத்த பிட் உண்டு. எஸ்.பி. ரோட்டில் தேடினால் அந்த அளவில் சாதாரண பிட் கிடைத்துவிடலாம், கிடைக்காதது ஜிக். அந்தந்தக் கம்பெனி பைண்டிங்குக்கென்றே செய்த சட்டம் அது. பூட்ஸின் நடுக்கோட்டை ஸ்கீயின் நடுக்கோட்டோடு சேர்த்து, ஓட்டைகள் எங்கே விழ வேண்டும் என்று அது காட்டும். முன்துண்டும் பின்துண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பூட்ஸ் கோணலாக உட்காரும், அப்புறம் ஜன்னலில் தெரிகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பீன்யாவில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை; அந்தச் சட்டமும், ஸ்கீக்குள் என்ன இருக்கிறது என்ற பழக்கமும்தான் அங்கே இல்லை. தப்பாகப் போட்ட ஓட்டையை அடைத்துவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று போடவும் முடியாது, குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தள்ள வேண்டும்.

ஓட்டையில் நீர்புகாத மரப்பசை ஒரு சொட்டு விட்டு, ஸ்க்ரூவைக் கையால் முடுக்குவார்கள். பிறகு பின்துண்டை நகர்த்தி, பூட்ஸை அது முன்னோக்கி அழுத்துகிற அளவைச் சரிசெய்ய வேண்டும். அதற்கென்று ஒரு குறி இருக்கிறது. கடைசியாக, பூட்ஸை மாட்டி அளவுக் கருவியால் முறுக்கிப் பார்த்து, உண்மையில் எவ்வளவு விசைக்குக் கழல்கிறது என்று அளக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இவ்வளவும் செய்தாலும் பைண்டிங் காப்பாற்றுவது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை. முழங்கால் தசைநார் கிழிவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இது. இந்த ஜனவரிக்கு பூட்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு போங்கள், ஸ்கீயை அங்கே வாடகைக்கு எடுங்கள். வாடகை பைண்டிங் தண்டவாளத்தில் நகர்கிற மாதிரி இருக்கும், எந்தச் சோல் நீளத்துக்கும் ஓட்டை போடாமல் மாற்றலாம். கடைக்காரர் எண்ணை வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் ஸ்கீ பரணிலேயே இருக்கட்டும். அடுத்த முறை ஜெர்மனி போகும்போது பூட்ஸையும் சேர்த்து எடுத்துப் போய், ஜிக்கும் அளவுக் கருவியும் உள்ள கடையில் கொடுங்கள். அதுவரை அந்த பூட்ஸோடு சிமெண்ட் தரையில் நடக்காதீர்கள், சோல் தேய்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் மறுபடி முதலிலிருந்து.