கார்ல் நில்சன் ஆகாத லின்னேயஸ்

ஆயிரக்கணக்கான தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய கார்ல் லின்னேயஸ், ஊர் வழக்கப்படி கார்ல் நில்சன் என்றே அறியப்பட்டிருக்க வேண்டியவர்.

1707-இல் அவர் பிறந்தபோது, சுவீடனின் சாதாரணக் குடியானவர் குடும்பங்களில் பரம்பரைக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டொட்டர்' சேர்ப்பார்கள், அவ்வளவுதான். லின்னேயஸின் தாத்தா, பெங்ட்டின் மகன் என்பதால் இங்கெமார் பெங்ட்சன். அவருடைய மகன் நில்ஸ் இங்கெமார்சன். பல்கலைக்கழகத்தில் சேர நில்ஸுக்கு நிலையான குடும்பப்பெயர் தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தை நினைத்து, லத்தீன் சாயலில் லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். மகன் கார்லுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. தாவரவியல் நூல்களில் மாமரத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னால் நிற்கும் 'எல்.' என்ற ஒற்றை எழுத்து அவரைத்தான் குறிக்கிறது.

படித்தவர்களுக்கு லத்தீன் கைகொடுத்தது. படைக்கு வேறு வழி. ஒரே பிரிவில் நாலைந்து ஆண்டர்ஸ் ஆண்டர்சன்கள் நின்றால், கூப்பிட்ட குரலுக்கு யார் வருவது? அதனால் சிப்பாய்களுக்குச் சுருக்கமான பெயர்களைக் கொடுத்தார்கள்: வேகமானவன் என்று பொருள்படும் ராஸ்க், துணிந்தவன் என்னும் மூடிக், வாள் என்னும் ஸ்வேர்ட். ஒருவர் விலகியதும் அவருடைய இடத்துக்கு வந்தவருக்கே அந்தப் பெயரும் போய்ச் சேர்வதுண்டு. ரத்த உறவு எதுவும் வேண்டியதில்லை!

பெண்கள் கதை இன்னும் சுவையானது. ஆண்டர்ஸின் மகள் கல்யாணத்துக்குப் பிறகும் ஆண்டர்ஸ்டொட்டர்தான். கணவன் பெயரை ஏற்கும் பழக்கம் சாதாரண மக்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

1901-இல் வந்த பெயர்ச் சட்டம், குடும்பப்பெயர் வைத்துக்கொள்வதை ஒழுங்குபடுத்தியது. தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த பெயர்கள் படிப்படியாக உறைந்துபோயின. யோஹானின் மகன் யோஹான்சன் என்பது மாறி, அவருடைய பேரனும் யோஹான்சன், பேத்தியும் யோஹான்சன்! மகளை 'மகன்' என்று அழைக்கும் இந்த விசித்திரம் யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களில் பலர், யோஹான்சன் போன்ற பெயர்களில் 'சன்' என்பதற்கு முன் நின்று உடைமையைக் காட்டிய 'எஸ்' ஒன்றை வழியிலேயே கழற்றிவிட்டார்கள். இரட்டை 'எஸ்' சுவீடிஷ் எழுத்துமுறையின் அடையாளம். ஒற்றை 'எஸ்' பெரும்பாலும் கடல் தாண்டியதன் தடயம்.

இன்றும் சுவீடனில் அதிகம் பேர் தாங்கும் குடும்பப்பெயர்கள் ஆண்டர்சன், யோஹான்சன், கார்ல்சன் வகையைச் சேர்ந்தவையே. பழைய முறையே வேண்டும் என்பவர்களுக்கும் தற்போதைய சட்டம் இடம் தருகிறது. 'சன்', 'டொட்டர்' இரண்டையும் தந்தையின் பெயரோடு மட்டுமல்ல, தாயின் பெயரோடும் சேர்த்துக்கொள்ளலாம்.