புரைக்கேறுவது சிறிய விஷயமா?

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரைக்கேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டிவிடுவது நம்மவர் வழக்கம். எப்போதாவது ஒருமுறை என்றால் கவலையில்லை. ஆனால் வீட்டிலுள்ள முதியவருக்கு வேளைக்கு வேளை புரைக்கேறுமானால், அவரை நினைக்க வேண்டியவர்கள் அவ்வீட்டாரே.

விழுங்குதல் எளிய காரியமன்று. பல தசைகளும் நரம்புகளும் ஒத்து இயங்க வேண்டும். உணவு தொண்டையைக் கடக்கும் கணத்தில் மூச்சு நின்று, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது. பாரிசவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய் முதலியவற்றால் இந்த ஒழுங்கு குலைந்தால், உணவோ நீரோ சுவாசக் குழாய்க்குள் சென்று நியூமோனியாவை உண்டாக்கலாம். சிலருக்கு இருமல் வராமலே இது நடப்பதுண்டு.

சாப்பாட்டின் பின் குரல் கரகரத்தல், ஒரு வேளை உணவுக்கு நெடுநேரம் எடுத்தல், காரணமின்றி உடல் மெலிதல், அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

திடப்பொருள் சிக்குகிறதா, நீர் சிக்குகிறதா என்பதே வைத்தியர் முதலில் கேட்பது. சோறும் பாணும் முதலில் சிக்கி, நாளடைவில் நீரும் சிக்கினால் உணவுக் குழாய் ஒடுங்கியிருக்கலாம். புற்றுநோயா என்று தாமதியாமல் பார்க்க வேண்டும். இரண்டும் தொடக்கத்திலேயே சிக்கினால் குழாயின் அசைவில் குறை இருக்கலாம். தண்ணீர் குடித்தவுடன் இருமினால் கோளாறு பெரும்பாலும் தொண்டையில்.

பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே மூலம் அசையும் படமாகப் பார்ப்பது ஒரு பரிசோதனை. மூக்கு வழியாக மெல்லிய கமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்ப்பது மற்றொன்று. உணவுக் குழாய்க்கு எண்டோஸ்கோப்பி உண்டு. ஒடுக்கத்தை அதன் வழியாகவே விரிவாக்கவும் முடியும். கியூபெக்கில் வைத்தியருடன் உணவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோரும் இப்பணியில் சேருகின்றனர்.

தொண்டைக் கோளாறுக்குச் சிகிச்சையின் பெரும்பகுதி பயிற்சியும் உணவு மாற்றமுமே. சர்வதேச முறைப்படி பானங்களும் உணவுகளும் 0 முதல் 7 வரை படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. நம் சமையலில் உதிரும் பிட்டு, முறுக்கு, கடலைச் சுண்டல் ஆகியவை இத்தகையோருக்கு ஆபத்தானவை. ரசஞ்சோறு மென்மையாகத் தோன்றினாலும், நீரும் பருக்கையும் வேறு வேறு வேகத்தில் இறங்குவதால் கடினமே. குழையக் காய்ச்சி மசித்த பருப்புச்சோறும் கட்டித் தயிரும் பலருக்கு ஏற்றவை. ஆயினும் எந்தப் படி என்பதை நிபுணரே சொல்ல வேண்டும். தடிப்பாக்கிய நீரை முதியோர் விரும்பாமல் குறைத்துக் குடிப்பர். உடலில் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும். மாத்திரையைப் பொடியாக்கும் முன் மருந்தாளரைக் கேட்க வேண்டும். சிலவற்றைப் பொடியாக்கக் கூடாது.

மசித்த உணவென்றால் பசியே போய்விடும் என்பர் சிலர். மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென் ஆன் வைத்தியசாலையில் நடந்து, 2006இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. மசித்த உணவை மீண்டும் அதன் இயல்பான உருவில் வார்த்துப் பரிமாறினார்கள். பங்குபற்றிய முதியோர் 17 பேர்தான்; எனினும் 12 வாரங்களில் இவ்வுணவை உண்டவர்களின் எடை சராசரியாக ஏறத்தாழ 4 கிலோ கூடியது; வழமையான உணவு உண்டவர்களின் எடை சற்றுக் குறைந்தது. கண்ணுக்கு அழகாகப் பரிமாறுவதும் மருந்துதான்.

புரோசார்ட்டில் உள்ளோர் முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லலாம். ஆலோசனைக்கு 811ஐ அழைத்துத் தாதியுடன் பேசலாம். மூச்சு அடைத்தால் உடனே 911.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காருதல், சிறு கவளம், ஒரு கவளம் இறங்கிய பின் அடுத்தது, தொலைக்காட்சியை நிறுத்துதல், உண்டபின் அரை மணி நேரம் படுக்காதிருத்தல், பல்லையும் வாயையும் சுத்தமாக வைத்தல் ஆகியவை எவரும் இன்றே தொடங்கக் கூடியவை.

இருமலுக்கு வெட்கப்பட்டுத் தனியறையில் உண்ணும் பெரியவர்கள் உண்டு. அவர்களை மேசைக்கு அழைத்து, அவசரப்படுத்தாமல் உடனிருந்து உண்பது பிள்ளைகளின் கடமை. எவ்வாறு விழுங்குகிறார் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.