கத்திரி வெயிலும் கடை முட்டையும்

மளிகைக் கடையில் முட்டையும் வைத்து விற்கும் வணிகர்களுக்கு, நாம் பட்ட ஒரு நஷ்டத்தைச் சொன்னால் உதவும் என்று இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். நாமக்கல் சரக்கு இறங்கியபோது சில அட்டைகளில் முட்டை உடைந்து, மற்ற முட்டைகளின் மேல் ஒழுகிக் காய்ந்திருந்தது. அழுக்கோடு விற்கக் கூடாதே என்று பானைத் தண்ணீரில் கழுவித் துடைத்து அடுக்கினோம். அதில் ஐந்து அட்டை, அதாவது 150 முட்டை, அடி அண்ணாமலையில் ஊருக்குள் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளுக்குப் போயிற்று. நாலாம் நாள் மீந்ததை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "என்னங்க முதலாளி, அத்தனையும் கூமுட்டை! இனிமே எவன் என் கடைக்கு வருவான்?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். போன பேரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

குற்றம் பண்ணையில் இல்லை, நம் பானையில். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் மேல் இயற்கையே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறது. கழுவித் தேய்த்தால் அது போய்விடும். அதைவிட மோசம், வெயிலில் சூடேறிய முட்டையைக் குளிர்ந்த நீரில் போடுவது. உள்ளே இருப்பது சுருங்கி, வெளியில் இருக்கும் நீரைக் கிருமியோடு உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். ஆனால் முட்டையைவிடச் சூடான நீரில் கழுவி, உடனே குளிரறையில் வைக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் கழுவுவதே இல்லை. நாம் இரண்டும் கெட்டான் வேலை செய்திருந்தோம்.

குளிர்பெட்டியில் வைத்த முட்டையை வெளியே எடுத்துப் போட்டாலும் ஓடு வியர்க்கும். அந்த ஈரமும் கிருமிக்கு வழிதான். உள்ளே வைத்தால் விற்கும்வரை உள்ளேயே இருக்கட்டும்.

நாட்டுக்கோழி முட்டைக்கு வேறு கதை. கோழி அடைகாக்கும் சூடு சுமார் 37.5 டிகிரி செல்சியஸ். கத்திரியில் நம் பக்கம் நிழலிலேயே 40 டிகிரி தொடும் நாட்கள் உண்டு. சேவலோடு வளர்ந்த கோழியின் முட்டையானால், தகரக் கூரைக்கடியில் கரு வளரத் தொடங்கி, இரவில் சூடு இறங்கித் தடுமாறி, பாதியில் செத்துப்போகும். பண்ணை முட்டையில் கரு இல்லாததால் அந்தப் பயம் இல்லை. ஆனால் வெள்ளைக் கரு நீர்த்து, காற்றறை பெருத்துவிடும். கோடையில் பண்ணை முட்டை அதிகம் உடைவதற்கும் காரணம் உண்டு. வெக்கையில் கோழிக்கு மூச்சு இரைத்து, இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஓடு அதனால் மெலிகிறது. இதற்கு லாரி டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

இப்போது அழுக்கு முட்டையை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கிறோம். உடைசலில் நனைந்ததைத் தனியாக வைத்து, அன்றே ஓட்டல்களுக்குத் தள்ளிவிடுகிறோம். கூர்முனை கீழே இருக்கும்படி, கல் சுவர் ஓரமாக, வெயில் படாமல் அடுக்குகிறோம்.

அந்த அம்மாள் இன்றும் நம்மிடம்தான் வாங்குகிறார். அட்டைக்கு ஒரு முட்டையைத் தண்ணீரில் போட்டு, அடியில் படுக்கிறதா, நிமிர்கிறதா, மிதக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் எண்ணுவார். நனைந்த அந்த முட்டைகள் நம் கணக்கில்!