முதலீட்டு நடவடிக்கைகளின் பணப்பாய்வு

முதலீட்டு நடவடிக்கைகளின் பணப்பாய்வு என்பது, ஒரு நிறுவனம் நீண்ட காலம் பயன்தரும் சொத்துகளை வாங்கச் செலவிட்ட பணத்தையும், அத்தகைய சொத்துகளை விற்றதாலும் முதலீடுகளைத் திரும்பப் பெற்றதாலும் வந்த பணத்தையும் காட்டும் கணக்கு ஆகும். நிலம், கட்டடம், இயந்திரம், வாகனம், பிற நிறுவனப் பங்குகள், நீண்டகால வைப்புகள் ஆகியவை இதில் அடங்கும். பணப்பாய்வு அறிக்கையில் மூன்று பகுதிகள் உண்டு: இயக்க நடவடிக்கைகள், முதலீட்டு நடவடிக்கைகள், நிதித்திரட்டல் நடவடிக்கைகள். இந்தியாவில் இதற்கான விதிகளைக் கணக்கியல் தரநிலை 3 வகுக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு இந்திய கணக்கியல் தரநிலை 7 பொருந்தும்.

மூன்றில் இந்த நடுப்பகுதியே அதிகம் தவறாகப் படிக்கப்படுகிறது. அதன் இறுதித் தொகை பெரும்பாலும் கழித்தல் குறியுடன் இருப்பதால், நிறுவனம் நட்டத்தில் ஓடுவதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். வளரும் நிறுவனத்தில் அது அப்படித்தான் இருக்கும்.

சொல்லில் உள்ள குழப்பம்

தமிழ்ப் பேச்சு வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர் ஒருவர் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி அடுக்கினாலும் "முதல் போட்டிருக்கிறேன்" என்பார். மாவரைக்கும் இயந்திரம் வாங்கினாலும் அதையே சொல்வார். பணப்பாய்வு அறிக்கையில் இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. விற்பதற்காக வாங்கிய சரக்கு இயக்க நடவடிக்கையைச் சேர்ந்தது. இயந்திரம் முதலீட்டு நடவடிக்கையைச் சேர்ந்தது. பொருள் என்ன என்பதைவிட, அதை எதற்காக வாங்கினார்கள் என்பதே வகைப்பாட்டைத் தீர்மானிக்கிறது. வாகன விற்பனையாளருக்கு லாரி சரக்கு; அதே லாரி தானிய நிறுவனத்துக்கு நிலைச் சொத்து.

ஜவ்வாது மலையில் ஓர் எடுத்துக்காட்டு

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்றைக் கொண்ட காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தால் வெளியூரார் பலர் இம்மலையை அறிவர். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். சாமை, புளி, தேன், பலா, சீத்தாப்பழம் ஆகியவை மலையின் முக்கிய விளைபொருள்கள். சாமையை உமியோடு விற்றால் கிடைக்கும் விலை வேறு. உமி நீக்கி, கல் பொறுக்கி, அரிசியாக்கிப் பொட்டலமிட்டு விற்றால் கிடைக்கும் விலை வேறு. அந்த இடைவெளியை வெளி வியாபாரிகளுக்கு விடாமல் விவசாயிகளே பெற வேண்டுமானால் இயந்திரமும் கிடங்கும் வேண்டும். ஜமுனாமரத்தூரில் பழங்குடியின உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று இத்தகைய விளைபொருள்களைக் கையாண்டு வருகிறது.

உற்பத்தியாளர் நிறுவனம் என்பது விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் நிறுவன வடிவம். 2002 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் இது இந்தியாவில் அறிமுகமானது. இப்போது 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 378ஏ முதல் தொடங்கும் பிரிவுகளின் கீழ் வருகிறது. 2020 இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் தேவை. மலைப்பகுதிகளுக்கு 100 பேர் போதும்.

இப்படிப்பட்ட ஒரு மலை நிறுவனத்தின் ஓராண்டுக் கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கீழுள்ள தொகைகள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை; எந்த உண்மை நிறுவனத்தின் கணக்கும் அல்ல.

சாமை உமி நீக்கும் இயந்திரமும் கல் நீக்கும் இயந்திரமும் வாங்கியது: – 22.0 லட்சம்
கிடங்கு கட்டக் கொடுத்த பணம்: – 12.0 லட்சம்
வங்கியில் ஓராண்டு நிரந்தர வைப்பு: – 5.0 லட்சம்
பழைய சரக்கு வண்டியை விற்றது: + 2.5 லட்சம்
முந்தைய வைப்புக்கு வந்த வட்டி: + 0.3 லட்சம்
இயந்திரத்துக்கு வந்த அரசு மானியம்: + 8.0 லட்சம்
நிகரத் தொகை: – 28.2 லட்சம்

ஒவ்வொரு வரியிலும் கவனிக்க ஒன்று உள்ளது. கிடங்கின் மொத்தச் செலவு 15 லட்சம். அதில் 3 லட்சம் ஒப்பந்ததாரருக்கு இன்னும் தரப்படவில்லை. தராத பணம் பாயாத பணம் என்பதால் 12 லட்சம் மட்டுமே இங்கே வருகிறது. வண்டியின் ஏட்டு மதிப்பு 2 லட்சம், விற்றது 2.5 லட்சத்துக்கு. இலாப நட்டக் கணக்கில் அரை லட்சம் இலாபம் மட்டும் தெரியும். பணப்பாய்வில் முழு 2.5 லட்சமும் முதலீட்டுப் பகுதியில் வரும். இரட்டிப்பாக எண்ணாமல் இருக்க, அந்த அரை லட்சம் இயக்கப் பகுதியில் கழிக்கப்படும். மாணவர்கள் தேர்வில் தவறவிடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வைப்பின் காலமும் முக்கியம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முதிர்வடையும் வைப்பு பணத்துக்குச் சமமானதாகவே கருதப்படும். அது முதலீட்டுப் பகுதிக்கு வராது. ஓராண்டு வைப்பு வரும். பெற்ற வட்டியும் பெற்ற ஈவுத்தொகையும் நிதி நிறுவனம் அல்லாத நிறுவனங்களுக்கு முதலீட்டுப் பகுதியில் சேரும். கடனுக்குச் செலுத்திய வட்டி நிதித்திரட்டல் பகுதிக்குப் போகும்.

மானியத்தைக் கணக்கில் எழுத இரு வழிகள் உள்ளன. சொத்தின் மதிப்பிலிருந்து நேரடியாகக் கழிக்கலாம். அல்லது தனியாக வைத்து, சொத்து பயன்படும் ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருமானமாக்கலாம். எந்த வழியானாலும் பணப்பாய்வு அறிக்கையில் இயந்திரத்தின் முழு விலையையும் மானியத்தையும் தனித்தனி வரிகளாகக் காட்டுவதே தெளிவு. நிகரமாக 14 லட்சம் என்று மட்டும் எழுதினால், மானியம் இல்லாத ஆண்டில் இதே இயந்திரத்தை மாற்ற எவ்வளவு தேவைப்படும் என்பது மறைந்துவிடும். சில நிறுவனங்கள் இம்மானியத்தை நிதித்திரட்டல் பகுதியில் காட்டுவதும் உண்டு. இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன மத்திய அரசுத் திட்டத்தில் உறுப்பினர்களின் பங்குத் தொகைக்கு இணையாக, ஒருவருக்கு 2,000 ரூபாய் வரையும், ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரையும் பங்கு மானியம் தரப்படுகிறது. அதுவும் அரசுப் பணம்தான். ஆனால் பங்கு மூலதனத்தை வலுப்படுத்த வருவதால் அது நிதித்திரட்டல் பகுதியைச் சேரும். 'மானியம்' என்ற ஒரே பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

கழித்தல் குறியைப் படிக்கும் முறை

– 28.2 லட்சம் என்பது தனியாக எதையும் சொல்லாது. அதே ஆண்டில் இயக்க நடவடிக்கைகளிலிருந்து + 4 லட்சம் வந்திருக்கட்டும். நிதித்திரட்டலில் உறுப்பினர் பங்கு 6 லட்சம், பங்கு மானியம் 6 லட்சம், வங்கிக் கடன் 14 லட்சம் வந்து, வட்டியாக 1 லட்சம் போயிருக்கட்டும். நிகரம் + 25 லட்சம். மூன்றையும் கூட்டினால் + 0.8 லட்சம். ஆண்டுத் தொடக்கத்தில் 3.2 லட்சம் இருந்த கையிருப்பு 4 லட்சமாகிறது. இந்நிறுவனம் தள்ளாடவில்லை. தானே ஈட்டியதும் பிறர் தந்ததும் சேர்ந்து இயந்திரமாகவும் கிடங்காகவும் மாறியுள்ளன. இனிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அடுத்த ஆண்டுகளில் இந்த இயந்திரம் இயக்கப் பணத்தை 4 லட்சத்திலிருந்து உயர்த்துமா? கடன் தவணை அங்கிருந்துதான் வர வேண்டும்.

இலாப நட்டக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் படம் கிடைக்காது. இயந்திரங்களுக்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவாக 15 ஆண்டு ஆயுளைத் தருகிறது. 5 விழுக்காடு எஞ்சிய மதிப்பை விட்டு நேர்கோட்டு முறையில் கணக்கிட்டால், 22 லட்சத்துக்கு ஆண்டுத் தேய்மானம் ஏறத்தாழ 1.39 லட்சம். இலாபக் கணக்கில் அவ்வளவுதான் குறையும். பெட்டியிலிருந்து போனதோ 22 லட்சம்.

இப்போது பக்கத்தில் இன்னொரு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதன் முதலீட்டுப் பகுதி + 7.5 லட்சம். வண்டியையும் உலர்த்தும் இயந்திரத்தையும் 4.5 லட்சத்துக்கு விற்றது, வைப்பை உடைத்து 3 லட்சம் எடுத்தது, வட்டி 0.2 லட்சம், தராசு வாங்க 0.2 லட்சம் செலவு. கூட்டல் குறி பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் இயக்கப் பகுதி – 8 லட்சம். அன்றாட வியாபாரத்தில் விழும் ஓட்டையை அடைக்கச் சொத்துகளை விற்றுக்கொண்டிருக்கிறது. அறுவடை முடிந்து உறுப்பினர்கள் சாமை மூட்டையுடன் வரும்போது கொள்முதலுக்குப் பணமும் இருக்காது. ஏற்றிச் செல்ல வண்டியும் இருக்காது. அவர்கள் மீண்டும் உமியோடு வியாபாரியிடம்தான் விற்க வேண்டியிருக்கும். பங்குக்குப் போட்ட ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் சிலருக்குப் பல நாள் கூலி.

கூட்டல் குறி எப்போதும் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. பயன்படாத நிலத்தை விற்றுக் கடனை அடைப்பது நல்ல முடிவாக இருக்கலாம். முதிர்ந்த வைப்பு திரும்பி வந்த ஆண்டிலும் கூட்டல் குறி வரும்.

இன்னொரு எளிய ஒப்பீடு உண்டு. புதிய சொத்துகளுக்குச் செலவிட்ட தொகையை அவ்வாண்டின் தேய்மானத்தோடு வைத்துப் பார்ப்பது. பல ஆண்டுகள் தொடர்ந்து செலவு தேய்மானத்தைவிடக் குறைவாக இருந்தால், பழைய இயந்திரங்கள் மாற்றப்படாமல் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

உறுப்பினர் கடனும் வைப்பும்

உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கே உரிய சில வரிகள் இப்பகுதியில் வரக்கூடும். சட்டத்தின் 378இசட்கே பிரிவு, உறுப்பினர்களுக்கு ஆறு மாதம் வரை கடன் வசதி தரவும், பிணையின் பேரில் ஏழு ஆண்டுகள் வரை கடன் தரவும் அனுமதிக்கிறது. இப்படிக் கொடுத்த கடன் முதலீட்டுப் பகுதியில் வெளிச்செல்லும் பணமாகவும், திரும்ப வந்த அசல் உள்வரும் பணமாகவும் காட்டப்படும். விளைபொருளுக்காக முன்கூட்டியே கொடுத்த பணமோ கொள்முதலின் பகுதி. அது இயக்க நடவடிக்கை. பொதுக் காப்புநிதியை அரசுப் பத்திரங்கள், வங்கி வைப்புகள் போன்றவற்றில் இடுவது குறித்து 378இசட்எல் பிரிவு பேசுகிறது. அந்த வைப்புகளும் இங்கேயே தெரியும்.

அறிக்கையில் தெரியாதவை

பணம் கைமாறாத கொடுக்கல் வாங்கல் பணப்பாய்வு அறிக்கைக்குள் வராது. வங்கிக் கடன் நிறுவனத்தின் கணக்கைத் தொடாமல் இயந்திர விற்பனையாளருக்கு நேரே சென்றாலோ, அரசுத் துறை ஒன்று இயந்திரத்தையே பொருளாகக் கொடுத்தாலோ, முதலீட்டுப் பகுதியில் ஒரு ரூபாய்கூடத் தெரியாமல் போகலாம். குறிப்புகளில் அவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அரசுத் திட்டங்களின் துணையோடு வளரும் மலை நிறுவனங்களின் கணக்கைப் படிப்பவர் முதலில் அந்தக் குறிப்புகளைத் தேடுவது நல்லது. இல்லையேல் 'இவர்கள் எதுவுமே வாங்கவில்லை' என்ற தவறான முடிவுக்கு வரக்கூடும்.

இருப்புநிலைக் குறிப்பிலிருந்து கணக்கிடுதல்

சட்டத்தின் 2(40) பிரிவின்படி ஒருநபர் நிறுவனம், சிறு நிறுவனம், செயலற்ற நிறுவனம் ஆகியவை பணப்பாய்வு அறிக்கை தர வேண்டிய கட்டாயம் இல்லை. பங்கு மூலதனமும் விற்றுமுதலும் குறைவாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனங்களில் பல இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். எனவே அவற்றின் ஆண்டுக் கணக்கில் இந்த அறிக்கையே இல்லாமல் இருக்கலாம். அப்போது இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகளும் நிலைச் சொத்துக் குறிப்பும் இருந்தால் படிப்பவரே தொகையைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் எடுத்துக்காட்டு நிறுவனத்தில் தொடக்க நிலைச் சொத்து (தேய்மானம் போக) 9 லட்சம், இறுதியில் 41 லட்சம், ஆண்டுத் தேய்மானம் 3 லட்சம், விற்ற வண்டியின் ஏட்டு மதிப்பு 2 லட்சம் என்று கொள்வோம். மானியம் சொத்திலிருந்து கழிக்கப்படவில்லை. இறுதி மதிப்பிலிருந்து தொடக்க மதிப்பைக் கழித்து, தேய்மானத்தையும் விற்ற சொத்தின் ஏட்டு மதிப்பையும் கூட்ட வேண்டும்: 41 – 9 + 3 + 2 = 37 லட்சம். இது அவ்வாண்டில் வாங்கிய சொத்துகளின் மொத்த மதிப்பு. கடன்பட்டோர் பட்டியலில் அல்ல, கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் ஒப்பந்ததாரருக்கு 3 லட்சம் நிலுவை நிற்கிறது. அதைக் கழித்தால் 34 லட்சம். இயந்திரத்துக்கும் கிடங்குக்கும் உண்மையில் வெளியேறிய பணம் அதுவே.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் பொதுவாக உறுப்பினர் ஒருவருக்கு ஒரே வாக்குதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கு அவர்கள் முன் வைக்கப்படுகிறது. மலையிலிருந்து கல்லூரிக்குப் போய் வணிகவியல் படிக்கும் மாணவர், தம் வீட்டுக்கு வந்த அந்தக் கணக்கை எடுத்து மேற்கண்ட நான்கு எண்களைத் தேடினால், இயந்திரத்துக்குப் போன பணம் எவ்வளவு என்பதைக் கூட்டத்துக்கு முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிடலாம்.