மேஜையே, கொஞ்சம் இறங்கி வா!

நம்ம வீட்டு மேஜைகளுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம்: சுமார் 30 அங்குலம். ஆறடி ஆசாமியோ, அஞ்சடி அம்மணியோ... நாமதான் முதுகை வளைச்சு 'அட்ஜஸ்ட்' பண்ணிக்கணும். ராத்திரி தைலம் தனிச் செலவு!

மேஜையை 'அட்ஜஸ்ட்' பண்ண வைத்தவர்களில் எனக்குப் பிடித்தவர், அயர்லாந்தில் பிறந்த எய்லீன் கிரே. 1920-களில் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் ஒரு வீடு கட்டினார். அதற்காக அவர் செய்த குட்டி மேஜைக்கு வட்டக் கண்ணாடிப் பலகை, எஃகுக் குழாய்க் கால். கால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். பலகை மடிக்கு மேலே வந்து நிற்கும். சங்கிலியில் தொங்கும் 'பின்'னைக் கழற்றி வேறு துளையில் செருகினால் உயரம் மாறும். அவ்வளவுதான் சூட்சுமம்! படுக்கையிலேயே டிபன் சாப்பிடும் அக்காவுக்காகச் செய்தாராம்.

இன்று பட்டனைத் தட்டினால் மோட்டாரே ஏற்றி இறக்குகிறது. வாங்கப் போகிறீர்களா? தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்குங்க. உட்கார்ந்தாலும் நின்றாலும் பலகை அந்த உயரத்துக்கு வரணும். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாத அம்மா, கட்டிலோரமா நிம்மதியா நாலு வாய் சாப்பிடவும் அது இறங்கி வரணும். என்னைக் கேட்டால், அதுதான் மாடர்ன் வீடு.

மேலதிகாரி முன்னால் வளையும் முதுகுக்கு மட்டும் எந்த மேஜையும் மருந்தில்லை சாமி!